சுவர் விழுந்தால் எங்கே போவது?



போன ஐப்பசி மழையில் எங்கள் வாடகை வீட்டுச் சுவர் வெடிச்சுச் சாய்ஞ்சிருச்சு. "உடனே காலி பண்ணுங்க" என்றார்கள். சரிதான், உயிர்தான் முக்கியம். ஆனால் புது வீட்டுக்கு அட்வான்ஸ் வேணுமே! பழைய அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரலை. பத்து நாள் அத்தை வீட்டுத் திண்ணையில்தான் படித்தேன்.

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்தன. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. குடும்பத்துக்கு ரூ.1 லட்சமும் மாற்று வீடும் தருவதாக அரசு அறிவித்தது. வாரிய வீடுகளை இடித்துக் கட்டும்போது தரும் கருணைத் தொகையும் அதே ஆண்டில் ரூ.8,000-லிருந்து ரூ.24,000 ஆனது. பாராட்டுவோம்!

தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் அதே மழையில்தானே நனைகிறோம்? காலி பண்ணச் சொல்லும் நகராட்சியோ பேரூராட்சியோ, தங்க இடமும் ஒரு மாத வாடகையும் தரட்டும். அட்வான்ஸைத் திருப்பி வாங்கித் தரட்டும். "வீட்டுக்காரரும் ஏழைதானே?" என்பீர்கள். அதனால்தான் அரசு முதலில் கொடுக்கணும் என்கிறேன்.

போக இடம் இல்லையென்றால், விரிசலில் சிமெண்டைப் பூசிவிட்டு அதே வீட்டில்தான் படுப்பார்கள். இது நல்லதா? யோசியுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, பழனிசெட்டிபட்டி