கவனக்குறைவு என்னும் கோட்பாடு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தொழிலாளி ஒருவன் இயந்திரத்திற் கையை இழந்தவுடன் முகாமையாளரும் காப்புறுதிக் கம்பனியாரும் இப்பழமொழியையே வேறொரு சொல்லாற் கூறுவர்: கவனக்குறைவு. கூடத்தை அளந்து பார்க்க முன்வருவோர் அரியர். இச்சொல்லை விஞ்ஞான முடிபெனக் கொள்வோர் கற்றோரிடையேயும் உளராதலின் அதன் பிறப்பு வளர்ப்பை இங்கு ஆராய வேண்டியுள்ளது.

1835 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் வேலைக்காரப் பையன், அளவுக்கு மீறிப் பாரமேற்றிய வண்டி உடைந்து விழுந்ததால் தொடையெலும்பு முறிந்தான். யூரிமார் அவனுக்கு 100 பவுண் நட்டஈடு அளித்தனர். மேல்நீதிமன்றத்தில் 1837 இல் அபிஞ்சர் பிரபு அதனைத் தள்ளினார். இவ்வழக்கு நிலைபெற்றால், வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்தமைக்காகவும் எசமான் தன் மற்றொரு வேலையாளுக்கு விடை சொல்ல நேரும் என்பது அவர் காட்டிய அச்சங்களுள் ஒன்று. வண்டியின் நிலையைப் பையனும் அறிந்திருக்கக்கூடும். விரும்பாவிடின் மறுத்திருக்கலாம் என்றும் அவர் கருதினார். மறுத்திருந்தால் மறுநாள் அவன் எங்கே உண்டிருப்பான் என்பது பிரபுவின் சிந்தைக்கு எட்டவில்லைப் போலும்! உடனுழைப்போன் தவறினால் விளையும் காயத்துக்கு எசமான் பொறுப்பல்லன் என்னும் கோட்பாடு இத்தீர்ப்பிலிருந்தே வளர்ந்தது. இங்கிலாந்தில் அது 1948 வரை உயிர்வாழ்ந்தது.

1884 இல் ஜேர்மனியிலும் 1897 இல் பிரித்தானியாவிலும் தோன்றிய நட்டஈட்டுச் சட்டங்கள், தவறு யாருடையது என்ற வினாவைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தன. ஆயின் முன்வாயிலால் வெளியேறிய அவ்வினா, விஞ்ஞான உடை தரித்துப் பின்வாயிலால் மீண்டது. முதலாம் உலகப்போர்க் காலப் படைக்கலத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்த பெண்களை ஆராய்ந்த கிறீன்வூட், வூட்ஸ் ஆகியோர், விபத்துகள் எல்லோரிடத்தும் ஒரே அளவாகப் பரவவில்லை என 1919 இற் காட்டினர். புள்ளிவிவரம் சொன்னது அவ்வளவே. 1926 இல் பாமர், சேம்பர்ஸ் ஆகியோர் 'விபத்துக்குள்ளாகும் இயல்பு' என அதற்கொரு பெயரிட்டதும், அது சிலருடைய உடன்பிறந்த குணமாயிற்று. அவர்கள் நின்ற இயந்திரமும் உழைத்த நேரமும் ஒத்தவைதாமா என்ற எளிய கேள்வி பின்தள்ளப்பட்டது.

இப்போக்கின் சிகரம் ஹைன்றிச். அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனியொன்றின் அலுவலரான இவர் 1931 இல் வெளியிட்ட நூலில், 75,000 விபத்துகளை ஆராய்ந்து, 88 வீதம் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலாலும் 10 வீதம் பாதுகாப்பற்ற சூழலாலும் நிகழ்ந்தன என்றார். எஞ்சிய 2 வீதம் தடுக்கவொண்ணாதவை. எத்துணை நேர்த்தியான எண்கள்! ஆனால் இவ்வெண்களின் மூலம் யாது? பெரும்பாலும் தொழில்கொள்வோரும் மேற்பார்வையாளரும் எழுதிய அறிக்கைகள். குற்றஞ்சாட்டப்படக்கூடியவனே எழுதிய சாட்சியத்தை எந்த நீதிமன்றம் இவ்வாறு ஐயமின்றி ஏற்கும்? மேலும், செயலும் சூழலும் ஒருங்கே காரணமான இடத்தும் அவர் ஒன்றையே தெரிந்து பதிந்தார். அவ்வாறு பதிந்தபின் 88 வீதம் கிடைத்தமை வியப்பன்று. இயந்திரங்களுக்குக் காப்பிடுதல் வேண்டும் என்று ஹைன்றிச்சே எழுதியுள்ளார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் உலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த 88 ஐயே. ஒன்றையொன்று தள்ளி வீழ்த்தும் ஐந்து கட்டைகளாக அவர் விபத்தை விளக்கியபோது, முதற் கட்டைக்கு இட்ட பெயர் வமிசமும் சமூகச் சூழலும் என்பது. குணம் பிறப்பால் வருவது என்ற பழம் நோயை நன்கறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மறுப்புக்கு இரு சான்றுகள் போதும். அமெரிக்கப் புகையிரதங்களிலே பெட்டிகளைப் பிணைக்கும் தொழிலாளி இரு பெட்டிகளுக்கிடையே நின்று கையால் ஆணியைச் செருக வேண்டியிருந்தது. விரலிழந்தோர் எண்ணற்றோர், நசுங்கி இறந்தோரும் பலர். தானாகப் பிணையும் கொளுவிக்கு ஜேனி 1873 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதனைக் கட்டாயமாக்கும் சட்டமோ 1893 இற்றான் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பிணைப்பின்போது நிகழ்ந்த மரணங்கள் பெரிதும் குறைந்தன. அத்தொழிலாளரின் கவனம் திடீரெனப் பெருகியதா, என்ன?

மற்றையது இரண்டாம் உலகப்போரில் நிகழ்ந்தது. பி-17 விமானிகள் தரையிறங்கியபின் இறக்கைமடிப்பை இழுப்பதாக எண்ணிச் சில்லுகளை உள்ளிழுத்து விமானத்தைச் சேதப்படுத்தினர். அது விமானியின் பிழை என்றே பதிவாயிற்று. உளவியலறிஞர் சப்பானிஸ் விமானியை விடுத்து விமானியறையைப் பார்த்தார். ஒரே வடிவான இரு பிடிகள் அருகருகே இருந்தன. சில்லுக்குரிய பிடியில் சிறிய றப்பர்ச் சில்லொன்றைப் பொருத்தினார், பிழை நின்றது. கூடம் மெய்யாகவே கோணலாயிருந்தது.

நமது சட்டமே இவ்வுண்மையை ஓரளவு அறியும். 1942 இன் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு வேலியிடுமாறு பணிப்பது தொழிற்சாலையை நடத்துவோரையே.

1984 டிசெம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மனக்குறையுள்ள தொழிலாளி ஒருவனின் நாசவேலையே அதற்குக் காரணமெனக் கம்பனி வாதித்தது. குளிரூட்டும் பொறி சில மாதங்களாகவே நிறுத்தப்பட்டிருந்ததும், வாயுவை எரிக்கும் கோபுரம் இணைப்பறுந்து கிடந்ததும் எந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு? அதே ஆண்டில் பெறோவும், 1990 இல் றீசனும், விபத்தின் வேர் அமைப்பினுள்ளே கிடப்பதை விரிவாக எழுதினர். அவர்களை மேற்கோள் காட்டும் கம்பனிகளே, 'நடத்தைசார் பாதுகாப்பு' என்ற புதுப் பெயரில் பழைய 88 ஐத் தொழிலாளியின் தலையில் மீண்டும் ஏற்றுகின்றன.

2013 ஏப்ரில் 24 ஆந் திகதி வங்காளதேசத்தின் றாணா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். சுவரில் வெடிப்புகள் முதல்நாளே காணப்பட்டன. கீழ்மாடியிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளின் தையற் தொழிலாளர் மறுநாட் காலை உட்செல்லத் தயங்கினர். ஆயினும் பணிக்கப்பட்டு உட்சென்றனர். ஹைன்றிச்சின் அட்டவணையில் இவர்களை எந்த வரிசையில் எழுதுவது? அபிஞ்சர் பிரபுவாயின், மறுத்திருக்கலாமே என்பார்.