உரிமைக்கும் கெடு உண்டு!

ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள், பதவி உயர்வில் ஓரவஞ்சனை நடந்தால் என்ன செய்கிறார்கள்? மேலதிகாரிக்கு மனுப் போடுகிறார்கள். பதிலில்லை என்றால் இன்னொரு மனு. ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. இறுதி உத்தரவு வந்தால், அன்றிலிருந்து ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மனுக் கொடுத்து 6 மாதமாகியும் பதிலில்லையா? அந்த 6 மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. மனுவுக்கு மேல் மனுப் போடுவதால் கெடு நீளாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். மன்னித்தே தீர வேண்டும் என்பதில்லை.

இது என்ன நியாயம்? வாய் திறக்காத அதிகாரிக்கு நஷ்டமில்லை. நம்பிக் காத்திருந்த தொழிலாளிக்கோ வழக்கே போய்விடுகிறது! பாதகமான உத்தரவு ஒவ்வொன்றிலும் கெடு விவரத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அச்சிட வேண்டும் எனக் கோருகிறோம்.

அதுவரை, தோழர்களே, முதல் மனுவின் நகலை அலுவலக முத்திரையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அன்றே நாளை எண்ணத் தொடங்குங்கள். தனியாகத் தவிக்க வேண்டாம். கெடு முடியுமுன் சங்கத்துக்கு வாருங்கள்.