இருபதாவது வாரத்து ஸ்கேன் எல்லாத் தாய்க்கும் வேண்டும்

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பிறப்பதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்று 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் செய்து காட்டினார்கள். மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு அந்த வாய்ப்பு எட்டுமா என்பது இன்று ஒரே ஒரு ஸ்கேனைப் பொறுத்திருக்கிறது.

ஸ்பைனா பிஃபிடாவை எடுத்துக்கொள்வோம். முதுகெலும்பு மூடாததால் திறந்து கிடக்கும் நரம்புகள், பனிக்குட நீரில் ஊறி நாளுக்கு நாள் கெடுகின்றன. அதனால்தான் பிரசவம் வரை காத்திராமல் கருப்பைக்குள்ளேயே மூடப் பார்க்கிறார்கள். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, அப்படி மூடப்பட்ட குழந்தைகளில் 42 விழுக்காட்டினர் இரண்டரை வயதில் துணையின்றி நடந்தார்கள். பிறந்தபின் சிகிச்சை பெற்றவர்களில் 21 விழுக்காட்டினரே நடந்தார்கள். இது முழுக் குணம் அல்ல. குறைப்பிரசவ ஆபத்து இருவருக்கும் உண்டு, கருப்பையில் விழும் தழும்பு தாய்க்குத்தான். ஆகவே முடிவு அவளுடையது. அவளுக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

ஆனால் முடிவெடுக்க நேரம் வேண்டுமே! அந்த ஆய்வில் 26 வாரம் நிறைவதற்குள் அறுவை சிகிச்சையை முடித்தார்கள். 20ஆம் வாரம் பார்க்க வேண்டியதை 27இல் பார்த்தால், கண்டுபிடித்தும் இந்தச் சிகிச்சைக்குப் பயனில்லை. பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, கிளினிக் புத்தகத்தில் தாதி பேனாவால் எழுதிக்கொடுத்த தேதியில் லீவு கிடைப்பதே பெரும்பாடு. குழந்தையின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் இந்த டீடெயில் ஸ்கேனுக்குத் தனியாரிடம் போனால் கைக்காசு. பணம் இருப்பவர் பிள்ளைக்கு மட்டும் குறை காலத்தோடு தெரிவது அநியாயம்.

18 முதல் 22 வாரத்துக்குள் டீடெயில் ஸ்கேனை எல்லாத் தாய்க்கும் அரசு செலவில் சுகாதார அமைச்சு உறுதிசெய்ய வேண்டும். சந்தேகம் தெரிந்தால் அதே வாரத்தில் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதலாளிகள் அன்றைக்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கரு உருவான 28 நாளுக்குள், பல பெண்கள் கர்ப்பத்தை அறியும் முன்பே, முதுகெலும்பில் இந்த இடம் மூடியாக வேண்டும். முன்பு இக்குறையுள்ள பிள்ளையைச் சுமந்த தாய்மாரிடம் ஃபோலிக் அமிலம் மறுபாதிப்பை 72 விழுக்காடு குறைத்ததை 1991இலேயே பிரிட்டிஷ் ஆய்வு காட்டிவிட்டது. பிள்ளைக்குத் திட்டமிடும் மகளுக்கும் மருமகளுக்கும் இன்றே சொல்லுங்கள்: மாத்திரையை ஒரு மாதம் முன்பே தொடங்கட்டும், ஸ்கேன் தேதியைத் தவறவிட வேண்டாம்.