காற்றுக்குக் கூலியா?

மானாமதுரையிலே மண் பிசைந்து, சக்கரம் சுழற்றி, சூளையிலே சுட்டெடுத்த குவளை, இணையத்தில் விலைபேசப்பட்டு டில்லிக்குப் பயணமாகிறது. போய்ச் சேர்கிறது, ஓட்டாஞ்சில்லாக! வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், கேட்பது நியாயமே. சுமந்து சென்ற நிறுவனமோ, "கட்டிய விதம் சரியில்லை" என்று கைவிரிக்கிறது. நட்டம் யாருக்கு? மண்ணோடு மல்லாடியவனுக்கு!

பெட்டியைத் தூக்கிப் போட்டவர்மீது பாயாதீர், தோழர்களே! பொழுதெல்லாம் சுமை தூக்கும் அவரும் நம்மவரே. நாம் கட்டுவதைக் கவனிப்போம்.

"பத்திரம்" என்றெண்ணிப் பெரிய பெட்டி தேடுகிறோம். கூரியர் நிறுவனங்கள் பலவும் எடையை மட்டுமா பார்க்கின்றன? நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கின்றன. அந்தக் கணக்கும் அசல் எடையும், எது அதிகமோ அதற்கே கட்டணம்! எல்லாப் பக்கமும் 20 செ.மீ. பெட்டி என்றால் 1.6 கிலோ. 30 செ.மீ. என்றால் 5.4 கிலோ! உள்ளே இருப்பதோ அதே அரைக்கிலோ குவளை. காற்றைச் சுமக்கவா கூலி கொடுப்பது என்று கேட்கிறோம்.

குவளையின் வயிற்றில் கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள். (நம் ஏடானாலும் பாதகமில்லை, படித்து முடித்த பிறகு!) சுற்றிலும் 5 செ.மீ. இடம்விட்டு, தாளையோ வைக்கோலையோ இறுக அடையுங்கள். நெளி அட்டையின் அலைகள் செங்குத்தாக நிற்கட்டும். மேலே ஏறும் பாரத்தைத் தாங்குபவை அவைதாம். பழைய பெட்டியே போதும், நனைந்து நைந்ததாக இல்லாவிட்டால். பழைய முகவரிச் சீட்டைக் கிழித்தெறியுங்கள். இல்லையேல் குவளை யார் வீட்டுக்கோ விருந்து போகும்! ஒட்டியபின் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால், மறுபடி பிரியுங்கள்.