ஃபார்மட் செய்யும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

கம்ப்யூட்டர் அடம் பிடித்தால், "ஃபார்மட் செய்துவிடலாம் சார்" என்பதுதான் பலரும் சொல்லும் முதல் வைத்தியம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உடனே தலையாட்டி விடுகிறார்கள். நானும் ஒரு முறை தலையாட்ட இருந்தேன்.

என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில், ஐகான், விண்டோ எதுவும் இல்லாத டெபியன் லினக்ஸ் போட்டு, குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து வருகிறேன். லினக்ஸில் நாம் டைப் செய்யும் கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் புரோகிராமிற்கு ஷெல் என்று பெயர். வழக்கமாகக் கிடைப்பது பாஷ். பலரும் புகழ்கிறார்களே என்று இசட் ஷெல்லுக்கு மாறினேன். பிறகு ஒரு நாள், வேண்டாத புரோகிராம்களை நீக்கும்போது அதையும் சேர்த்து நீக்கிவிட்டேன். அடுத்த முறை பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தும் உள்ளே விடவில்லை. மீண்டும் பெயரையே கேட்டது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள ஒரே யூசர் நான்தான். ரூட் அக்கவுண்ட்டிற்கோ பாஸ்வேர்டே வைக்கவில்லை. சர்வீஸ் கடையில் கேட்டால், அதே ஃபார்மட் வைத்தியம். படங்களுக்குப் பேக்கப்பும் இல்லை!

உண்மையில் கெட்டுப்போனது ஒரே ஒரு வரி. யூசர்களின் விவரம் உள்ள பைலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. அதில் உள்ள 7 தகவல்களில் கடைசியானது, எந்த ஷெல்லை இயக்க வேண்டும் என்பது. என் வரி, இல்லாத ஒரு ஷெல்லைக் காட்டிக் கொண்டிருந்தது.

சரி செய்தது இப்படித்தான். கம்ப்யூட்டரை இயக்கியதும் வரும் கிரப் மெனுவில் ஆங்கில 'ஈ' கீயை அழுத்தினேன். 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியின் முடிவில் இடைவெளி விட்டு 'இனிட்=/பின்/பாஷ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, கண்ட்ரோல் + எக்ஸ் அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்காமலேயே ரூட் உரிமையுடன் பாஷ் திறந்தது. அப்போது டிஸ்க்கைப் படிக்க மட்டுமே முடியும். 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' என்ற கட்டளையால் எழுதவும் வழி செய்தேன். பின்னர் 'யூசர்மாட் -எஸ் /பின்/பாஷ்' என்று கொடுத்து, அடுத்து என் யூசர் பெயரைச் சேர்த்தேன். கடைசியாக 'சிங்க்' கொடுத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் இயக்கினேன். படங்கள் அனைத்தும் பத்திரம்!

பூட்டு கெட்டால் பூட்டைத்தான் மாற்ற வேண்டும். வீட்டை இடிக்கக் கூடாது. என்ன கெட்டது என்று தெரியும் முன் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

இந்த ஆபத்தை யூனிக்ஸ் உலகம் எப்போதோ உணர்ந்துவிட்டது. பிரீபிஎஸ்டி சிஸ்டத்தில் ரூட்டுடன் 'டூர்' என்று இன்னொரு அக்கவுண்ட்டும் வருகிறது. ரூட் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்ட பெயர் அது, உரிமைகளும் அதேதான். புது ஷெல் ஆசையை அதில் தீர்த்துக் கொள்ளலாம். ரூட்டின் ஷெல்லைத் தொட வேண்டியதில்லை. பாஸ்வேர்ட் வைத்த பிறகுதான் அது இயங்கும்.

நீங்களும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் இரண்டாவது யூசர் ஒன்றை உருவாக்கி, அதன் ஷெல்லை மாற்றாமல் வையுங்கள். உங்கள் ஷெல்லை மாற்றினால், உடனே வெளியேறாமல் ஆல்ட் + எஃப்2 அழுத்தி, இன்னொரு திரையில் லாக்-இன் செய்து பாருங்கள். நுழைய முடியாவிட்டால், முதல் திரைக்குத் திரும்பிச் சரி செய்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. நான் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைந்த வழியில், கம்ப்யூட்டர் கைக்குக் கிடைத்த எவரும் நுழையலாம். எனவே லேப்டாப் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வது நல்லது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் இந்த வழி உங்களுக்கும் உதவாது. ஆகவே பேக்கப் எடுக்க மறக்காதீர்கள். நான் இப்போது மாதம் தவறாமல் எடுக்கிறேன்.