கிண்டிக்கு வேலி போதாது, சட்டம் வேணும்

சர்தார் படேல் சாலை சிக்னலில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். இந்தப் பக்கம் ஹாரன் சத்தம். அந்தப் பக்கம், சுவருக்குப் பின்னால், புள்ளிமானும் வெளிமானும் மேயும் காடு. 'சிட்டிக்குள்ள காடு, வேற எந்த ஊர்ல இருக்கு?' என்று நாமும் ஸ்டோரி போட்டிருப்போம். அந்தப் பெருமையில் பாதி பொய். கிண்டிக் காடு நாம் காப்பாற்றியது அல்ல. நாம் தின்றதுபோக மீந்தது.

கணக்கைப் பாருங்கள். 1910-இல் காப்புக்காடாக அறிவித்தபோது சுமார் 500 ஹெக்டேர். 1958-இல் ஐஐடிக்காகப் பெரிய துண்டு போனது. எழுபதுகளில் தலைவர்களின் நினைவிடங்களுக்குத் துண்டுகள் போயின. 1978-இல் தேசியப் பூங்கா என்று பலகை மாட்டியபோது மிஞ்சியது 270 ஹெக்டேர் சொச்சம். இதில் ஒரு இன்ச்சைக்கூட யாரும் ராத்திரியில் திருடவில்லை. கல்வி, நாட்டுப்பற்று, நன்றிக்கடன் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. காட்டுக்கு எமன் எப்பவும் நல்ல காரணத்தோடதான் வருவான்.

1978-க்குப் பிறகு அந்த 270 பெரிதாகக் குறையவில்லை. நமக்குத் திடீரென்று மான்மேல் பாசம் வந்ததாலா? இல்லை. நடுவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து நின்றுகொண்டது. இன்றைக்குத் தேசியப் பூங்காவின் எல்லையை மாற்ற வேண்டுமானால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். ஒரு மந்திரி, ஒரு ஃபைல், ஒரு கையெழுத்து என்று முடிக்க முடியாது. பசுமை ஆர்வலர்களுக்கே சிலநேரம் மறந்துபோகும் விஷயம் இது: காட்டைக் காத்தது அன்பு அல்ல, சட்டப் பிரிவு.

இப்போது வேளச்சேரி சாலைக்கு அந்தப் பக்கம் வாருங்கள். குதிரைப் பந்தய மைதானம். 1940-களில் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த 160 ஏக்கர் அரசு நிலம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவிப்பும் வந்தது. கைதட்டினோம். தட்டலாம், தப்பில்லை. ஆனால் அரசாணையில் வந்த பூங்கா அரசாணையிலேயே போகும். பத்து வருடம் கழித்து ஒரு மெட்ரோ ஸ்டேஷன், ஒரு மாநாட்டு மண்டபம், இன்னொரு நினைவிடம். நல்ல காரணத்துக்கா இந்த ஊரில் பஞ்சம்?

அதனால்தான் சொல்கிறேன். கிண்டியின் எல்லையை விரிக்கிற சட்டம் ஒன்றைச் சட்டமன்றம் இயற்ற வேண்டும். உள்வட்டம் மானுக்கு, அதில் யாரும் கால் வைக்க வேண்டாம். வெளிவட்டம் மக்களுக்கு: பந்தய மைதானம், சிறுவர் பூங்கா, நினைவிடங்களைச் சுற்றியுள்ள மரத்தோப்பு. எல்லையைச் சட்டத்தின் அட்டவணையில் சர்வே எண்ணோடு எழுதுங்கள். அதிலிருந்து ஒரு சென்ட் எடுப்பதானாலும் சபையில் நின்று, பெயர் சொல்லி வாக்களிக்கட்டும்.

இது கனவு இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் 1972-இல் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்கு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டபோது, ராணுவம் குடியிருந்த பிரெசிடியோ முகாமையும் சேர்த்தே எல்லை வரைந்தார்கள். ராணுவத்துக்கு இந்த நிலம் என்றைக்குத் தேவையில்லையோ அன்றைக்கு அது பூங்காவுக்கு வரும் என்று எழுதினார்கள். 1989-இல் முகாமை மூடும் முடிவு வந்தது. 1994-இல் நிலம் பூங்காவின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் 'உன் செலவுக்கு நீயே சம்பாதி' என்ற நெருக்கடி இருந்தது. ஆனாலும் நிலம் ரியல் எஸ்டேட்காரர்களிடம் போகவில்லை. நாமும் அப்படி ஒரு வரி எழுதினால் என்ன? ஐஐடி வளாகத்திலோ ஆளுநர் மாளிகை வளாகத்திலோ எந்தத் துண்டு தேவையில்லாமல் போனாலும் அது கிண்டிக்குத் திரும்ப வேண்டும். கேட்டு வாங்குவது இல்லை. தானாகத் திரும்புவது.

'வீடில்லாதவனுக்கு வீடு கட்டலாமே, பாஸ்' என்று ஒரு குரல் வரும். நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஊரில் காலியான பொதுநிலம் எப்போது ஏழைக்குப் போயிருக்கிறது? 2015 வெள்ளத்தில் பக்கத்து வேளச்சேரி மூழ்கியதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரை உறிஞ்ச ஒரு திறந்த மண் இருப்பதும் ஏழையின் வீட்டைக் காப்பதுதான்.

இன்னொரு பயம் இன்னும் உண்மையானது. இந்தியாவில் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' விரிந்த இடங்களில் முதலில் வெளியே தள்ளப்பட்டது பழங்குடிகள்தான். அதனால் அதையும் சட்டத்திலேயே எழுதணும்: ஒரு குடிசைகூட இதன் பெயரால் அகற்றப்படக் கூடாது, வெளிவட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கூடாது. டிக்கெட் வாங்கினால்தான் நிழல் என்றால் அது பூங்கா இல்லை, இன்னொரு கிளப். குதிரைக்காரர்களிடமிருந்து எடுத்து வாக்கிங் கோஷ்டிக்குக் கொடுக்கவா இவ்வளவு பாடு?

அடுத்தமுறை யாராவது ரிப்பன் வெட்டிப் பூங்கா திறந்தால், செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'சார், இது அரசாணையா, சட்டமா?' பதில் வராத இடத்தில் நடுகிற மரத்தை நம்பி ஊஞ்சல் கட்டாதீர்கள்.