ஏற்றத்தில் திணறும் கார்



"கார் விஷயமெல்லாம் நமக்கு எதற்கு, அது அவரும் கராஜ்காரரும் பார்க்க வேண்டியது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதும், உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் இன்று பல வீடுகளில் நம் கையில்தான் இருக்கிறது. கராஜில் காசை எண்ணிக் கொடுப்பதும் பல நேரம் நாம்தான்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 இல்தான். அந்த ஐந்து வருடமும் பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டியவர்கள்தான் அதிகம். எங்கள் வீட்டு நிசான் சனிக்கு என் மூத்த மகளைவிட வயது கூட.

அந்தக் காரில் கண்டியில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டோம். மாவனல்லை வரை ஒரு குறையும் இல்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. அக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஸ்டார்ட் ஆகும். இரண்டு வளைவு போகும். மறுபடியும் அதே கதை. இதற்கு முதல் வாரம்தான் ஒரு கராஜில், "காபரேட்டர் முடிஞ்சு போச்சு, மாத்தத்தான் வேணும்" என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். அதைக் கட்டியிருக்கலாமே என்று உம்மா வேறு முணுமுணுத்தார்.

பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "தங்கச்சி, சமதரையில எப்படி ஓடிச்சு?" என்றார். "நல்லாத்தான் ஓடிச்சு நானா, ஏறக்கொள்ளதான் இப்படி" என்றேன். "அப்ப பில்டரைப் பாருங்க" என்று பொனட்டைத் திறந்து காட்டினார். உள்ளே தெரியும்படி வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பில்டர் பால் இல்லாத தேநீர் நிறத்தில் இருந்தது. முதல் கியரிலேயே ஊர்ந்து பிலிமத்தலாவைக்குப் போய், அங்கே வாங்கி மாற்றினோம். காபரேட்டருக்குச் சொன்ன தொகையில் நாற்பதில் ஒரு பங்கும் செலவாகவில்லை.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பில்டருக்குள் இருப்பது மடித்து மடித்து வைத்த கடதாசி. தாங்கியின் துருவும் மண்ணும் எஞ்சினுக்குள் போகாமல் அதுதான் பிடிக்கிறது. பாதி அடைபட்டாலும் சமதரை ஓட்டத்துக்குத் தேவையான பெற்றோல் எப்படியோ போய்ச் சேரும். ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாகக் கேட்கும்போதுதான் போதாமல் போகிறது. சிறிது நேரம் நிறுத்தினால் காபரேட்டர் கிண்ணத்தில் மெல்ல மெல்லப் பெற்றோல் சேரும். மீண்டும் கொஞ்ச தூரம் ஓடும். 2022 தட்டுப்பாட்டின்போது கலனிலும் போத்தலிலும் சேர்த்துவைத்து ஊற்றிய பெற்றோல், வாரக்கணக்கில் காலியாக நின்ற தாங்கி, இவையெல்லாம் அடியில் அழுக்கை விட்டுத்தான் போயிருக்கும்.

காசு செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. கார் திணறியதும் நிறுத்திப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு கார் ஒழுங்காக ஓடினால் குற்றம் பில்டரில் இல்லை. தாங்கிக்குள் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது.

பில்டர் எங்கே இருக்கும்? காபரேட்டர் உள்ள பழைய சனியில் பொனட்டுக்குள் ஒரு க்ளிப்பில் மாட்டியிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பொருள். வேறு காராக இருந்தால் காபரேட்டருக்குப் போகும் றப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். வழியில் அகப்படும், இல்லாவிட்டால் காருக்கு அடியில் தாங்கிப் பக்கம் இருக்கும். வாப்பா காலத்து மொரிஸ் மைனரில் இப்படித் தனிப் பில்டரே கிடையாது; பெற்றோல் பம்புக்குள் இருந்த சிறிய கம்பிவலைதான்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் பெற்றோல் வேலை என்பதை மறக்க வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மூடிய கராஜுக்குள் அல்ல, வெளி முற்றத்தில் செய்யுங்கள். குசினி அடுப்பு அருகில் கூடாது, சிகரெட்டோடு யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது, பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். தாங்கி மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள். குழாய் க்ளிப்பைக் குறட்டால் நசித்துப் பின்னுக்குத் தள்ளி, குழாயை இழுக்காமல் முதலில் திருகுங்கள். பழைய றப்பர் ஒட்டிப்போயிருக்கும், வெடுக்கென்று இழுத்தால் கிழியும். தாங்கியிலிருந்து வரும் குழாயில் பெற்றோல் வடியும். பொருத்தமான ஆணி ஒன்றைச் செருகி அடைத்து, கீழே ஒரு டின் வையுங்கள். புதிய பில்டரில் அம்புக்குறி ஒன்று இருக்கும். அது எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். குழாயை மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். அதில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பொனட்டுக்குள் தீப்பிடிக்கிறது. பிறகு ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டு, இரு முனையும் ஈரமில்லையா என்று பாருங்கள்.

பழையதை வாயால் ஊதித் திரும்பப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பெற்றோல் நஞ்சு, கடதாசியும் அதனால் சுத்தமாவதில்லை. கழற்றியதைப் பின்புறமாகக் கவிழ்த்து ஒரு வெள்ளை மூடியில் கொட்டிப் பாருங்கள். செம்மண் போல் துரு விழுந்தால் தாங்கியைக் கழற்றிக் கழுவும் வேலை காத்திருக்கிறது; புதுப் பில்டர் நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

காபரேட்டர் இல்லாத, இன்ஜெக்ஷன் எஞ்சின் கார் என்றால் தயவுசெய்து நீங்கள் கை வைக்க வேண்டாம். அதன் குழாயில் எஞ்சின் நிறுத்திய பிறகும் அழுத்தம் இருக்கும்; தளர்த்தினால் பெற்றோல் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பல கார்களில் பில்டரே தாங்கிக்குள்தான். அதைக் கராஜுக்கு விடுங்கள். ஆனால் போகும்போதே, "தம்பி, கழற்றின பழைய பில்டரை எனக்குத் தாங்க" என்று சொல்லிவையுங்கள்.

கைநூல்களில் பொதுவாக 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று போட்டிருக்கும். நமது பழைய தாங்கிகளுக்கு நான் அதில் பாதியைத்தான் கணக்கு வைப்பேன். மாற்றிய அன்று கிலோமீற்றரைச் சிறு தாளில் எழுதி பொனட்டின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். டிக்கியில் புதிய பில்டர் ஒன்றும், இரண்டு க்ளிப்பும், ஒரு குறடும் பழைய பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.